பிரஸ்டீஜுங்கிற கண்கட்டு

எங்க அக்கா பொண்ணு தன் கல்யாணத்தைக் கோயில்ல சிம்பிளா முடிச்சுட்டு, நெருங்கின சொந்தத்துக்கு மட்டும் ஒரு வேளை சாப்பாடு போட்டாப் போதும்னு சொன்னா. மாப்பிள்ளை சரின்னுட்டாரு. அக்காவும் மாமாவும் சரின்னுட்டாங்க.

சித்தப்பா மட்டும் சரிங்கல.

"எல்லாம் சரிம்மா, நம்ம பிரஸ்டீஜ் என்னத்துக்கு ஆகுறது? நாலு பேரு கண்ணுக்கு நாம என்னவாத் தெரிவோம்?"

எனக்குச் சுருக்குன்னுச்சு. கல்யாணம் அவளோடது. செலவு அவங்க அப்பாவோடது. பிரஸ்டீஜ் மட்டும் எப்படிக் குடும்பத்துக்கே பொதுச் சொத்தாச்சு? நேராவே கேட்டேன். (சித்தப்பா பாசக்காரர். அக்கா கல்யாணத்துல பந்தியை விட்டு நகராம நின்னு எல்லாருக்கும் பரிமாறினவர். அதனால பேச்சு சண்டை வரைக்கும் போகல.)

ஆனா அந்த வார்த்தை என்னை விடல. ராத்திரி அகராதியைப் பிரிச்சு உக்காந்தேன். துழாவத் துழாவ கோவம் எங்கேயோ போயிருச்சு, ஒரே குஷி. அந்தக் குஷியிலதான் இதை எழுதுறேன். நீளமாத்தான் போகும், ஒரு காப்பியைக் கையில எடுத்துக்குங்க.

பிரஸ்டீஜோட பூர்வீகம் லத்தீன். அங்க 'ப்ரேஸ்டிகியே'ன்னு ஒரு சொல். பெரும்பாலும் பன்மையிலதான் வரும். அதுக்கு அர்த்தம், வித்தைக்காரன் காட்டுற ஏமாத்து வேலைகள். பெருமைங்கிற வாசனையே அதுல கிடையாது.

இன்னும் கொஞ்சம் தோண்டினா அடியில 'ப்ரேஸ்ட்ரிங்கெரெ'ன்னு ஒரு வினைச்சொல் கிடக்குது. 'ஸ்ட்ரிங்கெரெ'ன்னா இறுக்கிக் கட்டுறது. 'ப்ரே'ன்னா முன்னால. ரோமானியர்கள் இதைக் கண்ணோட சேத்துச் சொன்னா, கண்ணைக் கூச வைக்கிறது, பார்வையை மழுக்குறதுன்னு அர்த்தம். (நடுவுல இருந்த ஒரு 'ர' காலப்போக்குல உதிர்ந்துருச்சு. ஒரே வார்த்தையில ரெண்டு 'ர' நெருக்கமா வந்தா நாக்கு ஒண்ணை முழுங்கிரும்.)

முன்னால நின்னு கண்ணைக் கட்டுறது.

கண்கட்டு வித்தை!

நாற்காலியை விட்டு எந்திரிச்சே நின்னுட்டேன். எங்கேயோ இருக்குற ரோமும் நம்ம ஊரும் ஒருத்தரை ஒருத்தர் கேக்காமலே இதுக்கு ஒரே படத்தைப் புடிச்சிருக்காங்க. வித்தைக்காரன் கையில என்ன பண்ணினாலும், அவன் கட்டுறது பாக்குறவனோட கண்ணைத்தான்னு ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கு.

அந்த ரோமானிய வித்தைக்காரங்க என்ன காட்டினாங்கன்னும் கொஞ்சம் தெரியும். செனெகான்னு ஒரு தத்துவவாதி, நீரோ மன்னனுக்கு ஆசிரியரா இருந்தவர். அவர் லூசிலியஸ்ங்கிற நண்பருக்கு எழுதின கடிதங்கள் இன்னைக்கும் கிடைக்குது. அதுல 45-ஆவது கடிதத்துல, வார்த்தையை வச்சுப் புதிர் போட்டு வாதாடுறவங்களைப் பத்திப் பேசும்போது, வித்தைக்காரனோட கிண்ணத்தையும் கூழாங்கல்லையும் உதாரணமா இழுக்குறார். அந்த ஏமாத்து யாருக்கும் கெடுதல் பண்ணாது, ஏமாறுறதே ஒரு சந்தோஷம், எப்படிப் பண்றான்னு தெரிஞ்சுட்டா ஆர்வம் போயிரும்ங்கிறார். கிட்டத்தட்ட 2000 வருசத்துக்கு முன்னாடி எழுதினது!

கிண்ணம், கல்லு. கவுத்து வச்ச கிண்ணத்துக்குள்ள கல்லு மாறி மாறிப் போகுது. நம்ம ஊர்ல இதுக்கு என்ன பேரு? செப்பிடு வித்தை. பேச்சுல 'செப்படி வித்தை'ன்னு ஆகிப்போச்சு. செப்புன்னா சின்னச் சிமிழ், கிண்ணம். அதே வித்தைதான். சந்தையில பாத்திருப்பீங்க, இல்லைன்னா உங்க அப்பா பாத்திருப்பார்.

(இங்க ஒரு சின்ன விலகல். 1800-கள் ஆரம்பத்துல லண்டன்ல இந்திய வித்தைக்காரங்க மேல பெரிய மோகம். அதுல பேர் வாங்கின ஒருத்தரை அங்க 'ராமோ சாமி'ன்னு கூப்பிட்டாங்க. நம்ம ராமசாமிதான். கத்தியை முழுங்குறது, பித்தளைப் பந்துகளை வீசிப் புடிக்கிறதுன்னு வருசக்கணக்கா மேடையேறினவர், 1850-ல லண்டன்லயே வறுமையில இறந்தார். அந்தக் காலத்து இந்திய வித்தைக்காரங்களைப் பத்தி வில்லியம் ஹாஸ்லிட் ஒரு கட்டுரையே எழுதியிருக்கார், 1821-ல வந்தது. நாலு பந்து ஒண்ணு கூடத் தவறாம காத்துல சுத்துறதைப் பாத்து அவருக்குத் தன் மேலயே வெக்கம் வந்துருச்சாம். இவ்வளவு சுத்தமா என்னால எதைச் செய்ய முடியும்னு கேட்டுக்கிறார். அவ்வளவு பெரிய எழுத்தாளர்!)

சரி, சொல்லோட பயணத்துக்கு வருவோம். லத்தீன்ல இருந்து பிரெஞ்சுக்குப் போச்சு. அங்கிருந்து 1650-கள்ல ஆங்கிலத்துக்கு வந்துச்சு. வந்தப்பவும் அதே அர்த்தம்தான்: மோசடி, மாயம், தந்திரம். அன்னைக்கு ஒருத்தரைப் பாத்து 'உங்ககிட்ட நிறைய பிரஸ்டீஜ் இருக்கு'ன்னு சொல்லியிருந்தா அடிக்க வந்திருப்பாரு.

அப்புறம் எப்படிக் கௌரவமாச்சு? நெப்போலியன்.

1815 வாக்குல, வாட்டர்லூ போர் நடந்த காலத்துல, நெப்போலியனைப் பத்திப் பேசும்போதுதான் ஆங்கிலத்துல இந்தச் சொல்லுக்கு 'ஆளையே மயக்குற செல்வாக்கு'ங்கிற அர்த்தம் ஏறுது. ஒரு மனுசன் பேரைக் கேட்டதும் எதிரிப் படைக்கே கை நடுங்குதுன்னா அதை எப்படிச் சொல்றது? அறிவுன்னு சொல்லலாம், வீரம்னு சொல்லலாம், அதையெல்லாம் தாண்டி ஏதோ ஒரு மாயம் இருக்குல்ல. மாயத்துக்குன்னே ஒரு சொல் ஏற்கெனவே கைவசம் இருந்துச்சு. அதையே எடுத்துக்கிட்டாங்க. 100 வருசத்துல மாயம் கழண்டு விழுந்துருச்சு, செல்வாக்கு மட்டும் நின்னுச்சு.

('கிளாமர்' கதையும் கிட்டத்தட்ட இதேதான். அது 'கிராமர்'ங்கிற சொல் ஸ்காட்லாந்துல திரிஞ்சு வந்தது. படிச்சவனுக்கு மந்திரம் தெரியும்னு பயந்த காலம் அது. இலக்கணத்துல இருந்து மந்திரம், மந்திரத்துல இருந்து சினிமா நடிகையோட பளபளப்பு!)

படத்தைப் பத்திக் கேப்பீங்கன்னு தெரியும். கிறிஸ்டோபர் நோலன் 2006-ல எடுத்த 'தி பிரஸ்டீஜ்'. ஒவ்வொரு மேஜிக்குக்கும் மூணு கட்டம் உண்டு, கடைசிக் கட்டத்துக்குப் பேரு பிரஸ்டீஜ்னு அதுல வரும். அது மேஜிக்காரங்க காலங்காலமாச் சொல்ற தொழில் வார்த்தை கிடையாது. மூலநாவலை 1995-ல எழுதின கிறிஸ்டோபர் பிரீஸ்ட்டோட கற்பனை. ஆனா எவ்வளவு பொருத்தமான கற்பனை! தொலைஞ்சுபோன பழைய அர்த்தத்தை அவர் அந்தச் சொல்லுக்குத் திருப்பிக் குடுத்திருக்கார்.

இப்ப நான் இவ்வளவு குஷியானதுக்கு உண்மையான காரணத்துக்கு வர்றேன். ரெண்டு பிரெஞ்சுக்காரங்க. ரெண்டு பேரும் 1805-ல பொறந்தவங்க. ஒருத்தர் பழைய அர்த்தத்துல பிரஸ்டீஜ் காட்டுனவர். இன்னொருத்தர் புது அர்த்தத்துல பிரஸ்டீஜ் உள்ளவர்.

முதல் ஆளு ரொபேர் ஊதான். கடிகாரம் செய்யுற குடும்பம். சக்கரம், ஸ்பிரிங்கு, மின்காந்தம் எல்லாம் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. 1845-ல பாரிஸ்ல சொந்தமா மேடை போட்டு, நவீன மேஜிக்குக்குத் தகப்பன்னு பேர் வாங்குனார். (ஹூடினின்னு அமெரிக்காவுல ஒருத்தர் வந்தாரே, அவரு இவரு பேரைப் பாத்துத்தான் தனக்குப் பேரு வச்சுக்கிட்டாரு.)

1856-ல அவர் ஓய்வுல இருக்கும்போது பிரெஞ்சு அரசாங்கம் கூப்பிடுது. எதுக்கு? அல்ஜீரியாவுல வித்தை காட்டுறதுக்கு. 1830-ல இருந்து பிரான்ஸ் அந்த நாட்டைப் புடிச்சு வச்சிருக்கு. அங்க 'மரபூ'ன்னு சொல்ற மதப் பெரியவங்களுக்கு மக்கள்கிட்ட அபார செல்வாக்கு. அவங்க சில அற்புதங்களைக் காட்டி ஜனங்களைக் கலகத்துக்குத் திரட்டுறாங்கன்னு பிரெஞ்சு அதிகாரிங்க பயந்தாங்க. அதைவிடப் பெரிய அற்புதம் எங்காளுகிட்ட இருக்குன்னு காட்டணும். அதாவது, அரசாங்கத்தோட பிரஸ்டீஜைக் காப்பாத்த ஒரு பிரஸ்டீஜ்காரர் வேணும்!

அல்ஜியர்ஸ் நாடக அரங்கம். முன்வரிசையில அந்த ஊர்த் தலைவர்கள். ஊதான் ஒரு சின்னப் பெட்டியை மேடையில வைக்கிறார். பலசாலி ஒருத்தர் வந்து ஒத்தைக் கையால தூக்கிட்டுச் சிரிக்கிறார். உடனே ஊதான், உங்க பலத்தை நான் எடுத்துட்டேன், இப்பத் தூக்குங்கங்கிறார். பெட்டி அசையல. அந்த மனுசன் ரெண்டு கையால இழுக்குறார், முக்குறார், வேர்த்து ஊத்துது. அசையவே இல்ல. திடீர்னு அலறிக்கிட்டு எந்திரிச்சு ஓடுறார்.

பெட்டியோட அடியில இரும்புத் தகடு. மேடைக்குக் கீழ மின்காந்தம். கடைசி அலறல் கைப்பிடி வழியா விட்ட மின்சார அதிர்ச்சி.

எனக்கு இதைப் படிக்கும்போது ரெண்டு விதமா இருந்துச்சு. அந்த மூளையைப் பாத்தா கையெடுத்துக் கும்பிடணும்னு தோணுது. அதே நேரம், தன் நாட்டைப் பறிகொடுத்துட்டு நிக்கிற ஒரு மனுசனைப் பொதுமேடையில ஏத்தி, உன் பலம் போச்சுன்னு சொல்லி ஷாக் குடுத்து ஓட விட்டதை நினைச்சா வயிறு எரியுது. இந்தக் கதை முழுக்க ஊதான் எழுதின சுயசரிதையில இருந்துதான் நமக்குக் கிடைக்குது. அங்க உக்காந்திருந்தவங்க மனசுல என்ன ஓடுச்சுன்னு அவங்க வாயால கேட்டாத்தான் நியாயம்.

ஆனா ஒண்ணு. காட்சியெல்லாம் முடிஞ்சப்புறம், நான் காட்டினது தெய்வ சக்தி இல்ல, எல்லாம் கைத்திறமைதான்னு மொழிபெயர்ப்பாளர்களை வச்சு அந்தத் தலைவர்களுக்கு எடுத்துச் சொல்ல வச்சேன்னும் ஊதானே எழுதுறார். அவங்க பதிலுக்கு அழகான எழுத்துல ஒரு பாராட்டுப் பத்திரம் எழுதிக் குடுத்தாங்களாம். எந்த அரசாங்க வேலையா அனுப்பினாலும், தொழில் தர்மம்னு ஒண்ணு அவருக்குள்ள இருந்திருக்கு. கண்ணைக் கட்டினது நான்தான், இந்தாங்க அவுத்துக்குங்கன்னு சொல்ற தர்மம்.

ரெண்டாவது ஆளு ஃபெர்டினாண்ட் டி லெசெப்ஸ். சூயஸ் கால்வாயை வெட்ட வச்சவர். 1869-ல அது திறந்ததும் உலகமே அவரைத் தலையில தூக்கி வச்சுக்கிச்சு. பிரான்ஸ்ல அவரை மிஞ்சின பிரஸ்டீஜ் யாருக்கும் இல்ல. அவர் இன்ஜினியர் கிடையாது, தூதரக அதிகாரியா இருந்தவர். சூயஸ் சமதளம், மணல் பூமி. கடல் மட்டத்துலயே நேரா வெட்டிட்டாங்க.

1879-ல பனாமா கால்வாயைப் பத்திப் பேச பாரிஸ்ல ஒரு சர்வதேச மாநாடு கூடுது. லெசெப்ஸுக்கு வயசு 73. பனாமாவுலயும் கடல் மட்டத்துலயே வெட்டிரலாம்ங்கிறார். பனாமா என்ன சூயஸா? நடுவுல மலை. பக்கத்துல சாக்ரஸ்னு ஒரு ஆறு, மழை பேஞ்சா வெறி புடிச்ச மாதிரி வரும். காடு, சேறு, மலேரியா, மஞ்சள் காய்ச்சல்.

அந்த மாநாட்டுல ஒரு இன்ஜினியர் எந்திரிச்சார். அவர் பேரு கோதான் டி லெபினே. வெப்பமண்டலக் காட்டுல ரயில் பாதை போட்ட அனுபவம் உள்ளவர். மலையை அடி வரைக்கும் வெட்டாதீங்க, ஆத்தை மறிச்சு அணை கட்டி ஒரு ஏரியை உண்டாக்குங்க, ரெண்டு பக்கமும் தொட்டி தொட்டியாக் கட்டி, தண்ணியை நிரப்பிக் கப்பலை ஏரி மட்டத்துக்கு ஏத்தி இறக்குங்கன்னார். விடிஞ்சா சூரியன் வரும்ங்கிற மாதிரி தெளிவான யோசனை.

யாரும் காதுல வாங்கல.

ஏன்? எதிர்ல உக்காந்திருந்தது சூயஸ் லெசெப்ஸ். மாநாடு கடல் மட்டத்துக்கே ஓட்டு போட்டுச்சு. வீணா ஆளுங்க சாகுறதுக்கு என் மனசாட்சி ஒத்துக்காதுங்கிற அர்த்தத்துல லெபினே வேண்டாம்னு ஓட்டு போட்டார்.

அப்புறம் நடந்ததை நினைச்சாலே மனசு கனக்குது. வெட்ட வெட்டச் சேறு சரிஞ்சு குழியை மூடுச்சு. காய்ச்சல்ல மட்டும் செத்தவங்க பெரும் கூட்டம். பிரெஞ்சுக் காலத்துல மொத்தம் 22,000 பேர் வரைக்கும் இறந்திருப்பாங்கன்னு மதிப்பிடுறாங்க. கடைசி நேரத்துல, 1887-ல, தொட்டி முறைக்கே மாறுறோம்னு சொல்லி ஈஃபிலைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க (ஆமா, ஈஃபில் டவர் ஈஃபில்தான்). நேரம் கடந்துருச்சு. 1889-ல லெசெப்ஸோட கால்வாய்க் கம்பெனி கவிழ்ந்துச்சு. அவர் பேரை நம்பிச் சிறுவாட்டுக் காசைப் போட்ட லட்சக்கணக்கான பிரெஞ்சுக் குடும்பங்க நடுத்தெருவுக்கு வந்தாங்க. 1893-ல லெசெப்ஸுக்கும் அவர் மகனுக்கும் கோர்ட்டுல தண்டனை. அடுத்த வருசம் அவர் இறந்துட்டார்.

1914-ல அமெரிக்கா திறந்த பனாமா கால்வாய் எப்படி இருக்கு? ஆத்தை மறிச்ச அணை. கடல் மட்டத்துக்கு 26 மீட்டர் மேல ஒரு ஏரி. ரெண்டு பக்கமும் தொட்டி தொட்டியா ஏத்தி இறக்கல். அடிப்படையில லெபினே 1879-ல சொன்னதேதான்!

குஸ்தாவ் லெ பான்னு ஒருத்தர் 1895-ல கூட்டத்தோட மனசைப் பத்திப் புத்தகம் எழுதினார். அதுல பிரஸ்டீஜுக்குன்னே ஒரு பகுதி உண்டு. பிரஸ்டீஜ் நம்மளோட விமர்சன புத்தியை முடக்கிப் போட்டுரும்ங்கிறார். அதுக்கு அவர் எடுத்துக்கிற பெரிய உதாரணமே லெசெப்ஸ்தான். (அந்தப் புத்தகத்துல எனக்கு ஒவ்வாத கருத்து நிறைய இருக்கு, ஜனங்களை ரொம்பக் கேவலமாப் பேசுவார். ஆனா இந்த இடம் சரி.)

இப்ப ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல நிக்க வையுங்க. ஊதான் தன் கண்கட்டை ஒரு ராத்திரிக்கு மட்டும் கட்டுனார். கட்டுறோம்னு அவருக்குத் தெரியும். லெசெப்ஸ் ஒரு நாட்டோட கண்ணையே கட்டுனார், அந்தத் துணி தன் கண்ணையும் சேத்துக் கட்டியிருக்குன்னு அவருக்கே தெரியல. பழைய பிரஸ்டீஜைவிடப் புது பிரஸ்டீஜ்தான் ஆபத்துன்னு நான் நினைக்கிறதுக்குக் காரணம் இதுதான்.

நம்ம ஊருக்கு வருவோம்.

தமிழனுக்குப் பிரஸ்டீஜ்னா மொதல்ல ஞாபகம் வர்றது ரெண்டு. ஒண்ணு குக்கர். டி.டி.கிருஷ்ணமாச்சாரி 1928-ல ஆரம்பிச்ச டி.டி.கே. குழுமம், இங்கிலாந்துல இருந்த அந்தப் பேரை நம்ம அடுப்படிக்குக் கொண்டு வந்துச்சு. (அதே டி.டி.கே.தான் பின்னாடி நாட்டோட நிதியமைச்சர்.) எங்க வீட்டுல 'பிரஸ்டீஜ் மூணு விசில் விட்டாச்சா?'ன்னு கேட்டா யாருக்கும் குழப்பம் வராது.

இன்னொண்ணு, பிரஸ்டீஜ் பத்மநாபன்! 'வியட்நாம் வீடு'. மொதல்ல நாடகமா வந்து, 1970-ல படமாச்சு. எழுதினவர் சுந்தரம். அந்தப் பேரு நிலைச்சு அவர் கடைசி வரைக்கும் 'வியட்நாம் வீடு' சுந்தரம்தான். சிவாஜி அதுல நெட்டுக்குத்தா நிப்பார் பாருங்க, கோட்டு, நெத்தியில பட்டை, பேச்சுல மூச்சுக்கு மூச்சு பிரஸ்டீஜ். கம்பெனியில அவர் சொன்னா எடுபடும். ஓய்வு பெத்து வீட்டுக்கு வந்தப்புறம் அதே மனுசன், அதே குரல், அதே நேர்மை. ஆனா பெத்த பிள்ளைங்க கண்ணுக்கே அவர் வேற ஆளாத் தெரியுறார். அவர்கிட்ட இருந்து எதுவும் குறையல. பாக்குறவங்க பார்வைதான் மாறிப்போச்சு. எப்பப் பாத்தாலும் எனக்கு அந்தப் படத்துல தொண்டை அடைக்கிறது இந்த இடத்துக்குத்தான்.

அதே சுந்தரம் 1973-ல டைரக்ட் பண்ணின படம் என்ன தெரியுமா? 'கௌரவம்'! தோத்தே பழக்கமில்லாத பாரிஸ்டர் ரஜினிகாந்தா வர்ற சிவாஜி, தனக்குக் கிடைக்க வேண்டிய நீதிபதி பதவி கிடைக்கலைங்கிற காயத்துல, குற்றவாளின்னு தெரிஞ்சே ஒருத்தனுக்கு வாதாடி விடுதலை வாங்கித் தர்றார். கடைசியில தான் வளத்த பிள்ளையே எதிர்ல வக்கீலா வந்து நிக்கிறான். ஒரே எழுத்தாளர், ஒரே நடிகர், மூணு வருச இடைவெளி. ஒரு படத்துல பிரஸ்டீஜ், இன்னொரு படத்துல கௌரவம். தமிழ் சினிமாவுல இந்த விஷயத்தை இவ்வளவு ஆழமாத் தோண்டினவங்க வேற யாருமில்லன்னு அடிச்சுச் சொல்லுவேன்.

கௌரவம்ங்கிற சொல் 'குரு'ங்கிற வடசொல்லுல இருந்து வந்தது. குருன்னா கனமானது. கௌரவம்னா கனம். ('கனம் கோர்ட்டார் அவர்களே'ன்னு சொல்றோமே, அதுவும் அதே எடைதான்.) அப்ப கௌரவம் ஆளுக்குள்ள இருக்குற எடை. பிரஸ்டீஜ் எதிர்ல இருக்குறவன் கண்ணுல போட்ட கட்டு. ரெண்டையும் நாம ஒண்ணுன்னு நினைச்சுக்கிட்டுப் பேசுறோம்.

ஆனா நாக்குக்கு வித்தியாசம் தெரியுது. நானே மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தேன். 'மானம் போச்சு'ன்னா வீட்டுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டு அழுகணும். 'கௌரவம் போச்சு'ன்னா பெரியவங்க கூடிப் பேசணும். 'பிரஸ்டீஜ் போச்சு'ன்னா? பக்கத்து வீட்டுக்காரர் முன்னாடி வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னாக்கூடப் போயிரும். இளசுங்க 'கெத்து'ங்கிறாங்க. அது வந்த வேகத்துல போயி, அடுத்த நாளே திரும்பியும் வந்துரும்.

இன்னொண்ணு கவனிச்சீங்களா? பிரஸ்டீஜை நாம 'பாக்குறோம்'. 'பிரஸ்டீஜ் பாக்காம உக்காந்து சாப்பிடுங்க.' 'அவரு ரொம்ப பிரஸ்டீஜ் பாப்பாரு.' கட்டுறதா இருந்தாலும் பாக்குறதா இருந்தாலும் சமாச்சாரம் கண்ணுக்குள்ளதான் நடக்குது. சித்தப்பா கூட 'நாலு பேரு கண்ணுக்கு'ன்னுதானே சொன்னாரு!

கண்ணு எப்படிக் கட்டப்படுதுன்னு ஆராய்ச்சியே நடந்திருக்கு. குஸ்தாவ் கூன்னு மேஜிக் தெரிஞ்ச ஒரு உளவியல் ஆய்வாளர். 2006-ல அவரும் மைக்கேல் லேண்டும் சேந்து ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஒரு பந்தை மேல போட்டுப் புடிக்கணும். திரும்பவும் போட்டுப் புடிக்கணும். மூணாவது தடவை போடுற மாதிரி கையை மட்டும் வீசிட்டுப் பந்தை உள்ளங்கையிலயே மறைச்சுக்கணும். அப்ப வித்தைக்காரர் பந்து போற மாதிரி மேல பாத்தார்னா, மூணுல ரெண்டு பங்கு ஆளுங்க பந்து மேல போயி மறைஞ்சதைப் பாத்தோம்னாங்க. அவர் கையைப் பாத்துக்கிட்டிருந்தா மூணுல ஒரு பங்குதான் ஏமாந்தாங்க.

எலுமிச்சம்பழத்தை வச்சு நானும் எங்க தெருப் பிள்ளைங்ககிட்ட செஞ்சு பாத்தேன். வீசுற கையோட வேகம் மூணு தடவையும் ஒண்ணா இருக்கணும், அதுதான் கஷ்டம். கண்ணாடி முன்னாடி நின்னு பழகிட்டுப் போனேன். நான் மேல பாத்ததும் பிள்ளைங்க எல்லாம் ஒண்ணா மேல பாத்து, "போயிருச்சு! போயிருச்சு!"ன்னு குதிச்சுதுங்க. அப்புறம் குனிஞ்சு கையைப் பாத்துக்கிட்டே அதையே செஞ்சேன். "கைக்குள்ளதான் இருக்கு, காட்டுங்க"ன்னு விரலைப் பிரிக்க வந்துட்டாங்க. பழம் ஒண்ணுதான், கை ஒண்ணுதான். என் பார்வை போன இடத்துக்கு அவங்க பார்வை போச்சு. அவ்வளவுதான் சூட்சுமம்.

2012-ல வந்த ஒரு ஆய்வு இதையே இன்னொரு பக்கத்துல இருந்து காட்டுது. மூணு நாலு வயசுப் பிள்ளைங்களுக்கு ரெண்டு பெரியவங்களைக் காட்டுறாங்க. கூட நிக்கிற ரெண்டு பேரு அதுல ஒருத்தரை மட்டும் சில விநாடி கவனிச்சுப் பாக்குறாங்க. வேற எதுவுமே சொல்லல. அப்புறம் பிள்ளைங்க பெரும்பாலும் அந்த ஆளைத்தான் பாத்துச் செய்யுதுங்க! அந்த ஆய்வுல பங்கெடுத்த ஜோசப் ஹென்ரிச், பயமுறுத்தி வாங்குற மரியாதை வேற, பிரஸ்டீஜ் வேறன்னு 2001-லயே ஃபிரான்சிஸ்கோ கில்-வைட்டோட சேந்து எழுதினவர். ஒருத்தருக்குத் தொழில் நல்லாத் தெரியும், அவர் பக்கத்துல நின்னா நாமளும் கத்துக்கலாம்னு நாமளா மனசார விட்டுக்குடுக்குற மரியாதைதான் பிரஸ்டீஜ்ங்கிறாங்க.

இதைப் படிச்சப்புறம்தான் எனக்கு அந்தச் சொல் மேல இருந்த மிச்சக் கோவமும் தணிஞ்சுது. எல்லாப் பிரஸ்டீஜும் வெத்து வேட்டுன்னு சொல்லிட்டுப் போறது சுலபம். எனக்கு அதுல ஒப்புதல் இல்ல. கத்துக்கணும்ங்கிற ஆசையில ஒருத்தரையே பாத்துக்கிட்டு நிக்கிற கண்ணு கட்டுப்பட்ட கண்ணு இல்ல, திறந்த கண்ணு. லெபினே பேசினப்ப அந்த மண்டபத்துல திறந்த கண்ணு பத்தாம போச்சு, அதான் பிரச்சினை.

எங்க வீட்டுக் காம்பவுண்டுச் சுவரைக் கட்டிக்கிட்டிருக்கிற கொத்தனார் அண்ணனைச் சொல்லணும். அவர் நூல் புடிச்சா வேற வேலைக்குப் போற கொத்தனாருங்க கூட வண்டியை நிறுத்தி ஒரு நிமிசம் பாத்துட்டுத்தான் போவாங்க. யாரும் அவருக்கு மாலை போடல. பாக்குறாங்க, அவ்வளவுதான்.

மத்தியானம் டீ குடுக்கும்போது, "அண்ணே, உங்களுக்கு இந்த ஏரியாவுல நல்ல பிரஸ்டீஜ்"னு சொன்னேன்.

"குக்கரா?"ன்னாரு.

சிரிச்சுட்டு மொத்தக் கதையையும் சொன்னேன். நெப்போலியனுக்கு ஒண்ணும் சொல்லல. பெட்டி வித்தைக்கு, "கரண்டுதானே வச்சிருந்தான்?"னு நான் சொல்றதுக்கு முன்னாடியே கண்டுபுடிச்சாரு. பனாமா வந்ததும் டீ கிளாஸைக் கீழ வச்சுட்டாரு.

"மலையை வெட்டாதீங்க, தண்ணியை ஏத்துங்கன்னு சொன்னாரே, அவரு பேரு என்னன்னு சொன்னீங்க?"

"லெபினே."

"லெபினே..." ஒரு தரம் சொல்லிப் பாத்துக்கிட்டாரு. "கப்பலு நிக்கிற தொட்டிக்குக் கதவு வேணுமே. அம்புட்டுத் தண்ணியைத் தாங்கணும். மரமா, இரும்பா?"

"இரும்புதாண்ணே. ஒவ்வொரு கதவும் நூத்துக்கணக்கான டன்."

"அப்ப அதைத் தாங்குற சுவரு?"

கான்கிரீட்டுன்னேன். எவ்வளவு அகலம், அடியில எப்படின்னு ஆரம்பிச்சுட்டாரு. அந்தத் தொட்டியோட படத்தைத் தேடி எடுத்து வைக்கிறேன்னு சொல்லியிருக்கேன், நாளைக்கு வேலைக்கு வரும்போது காட்டணும்.